சீட்டில் ஏறாத கஷாயம்

கோலார் தங்கவயலில் பழைய சுரங்கத் தொழிலாளி ஒருவரின் வீட்டில் மருந்து இரண்டு இடங்களில் இருக்கும். டெரிஃபிலின் மாத்திரைப் பட்டையும் இன்ஹேலரும் டி.வி.க்குப் பக்கத்தில். சுக்கும் திப்பிலியும் ஆடாதோடைப் பொடியும் அடுக்களையில். முன்னதை எழுதிக் கொடுத்தவர் ஆஸ்பத்திரி டாக்டர். பின்னதைச் சொன்னவர் மாமியாராக இருக்கலாம், நாட்டு மருந்துக் கடைக்காரராக இருக்கலாம், வாணியம்பாடியிலிருந்து வந்த சம்பந்தியாகவும் இருக்கலாம். இரண்டும் போவது ஒரே வயிற்றுக்குள். ஆஸ்பத்திரிச் சீட்டில் இருப்பதோ ஒன்றுதான்.

நிமோனியா மாதிரி வேகமாக ஆளைக் கொண்டுபோகும் நோயில் இது சின்ன விஷயமில்லை. அதுவும் தங்கவயல் மாதிரி ஊரில்.

கே.ஜி.எஃப். என்றால் இன்று நாட்டில் பாதிப் பேருக்கு 2018இல் வந்த கன்னடப் படம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. படத்தில் தூசு பார்க்க அழகாக இருந்தது. நிஜத் தூசு வேறு ரகம். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி இங்கே தோண்ட ஆரம்பித்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்த தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள், பாறைக்குள் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. தங்கம் ஒளிந்திருந்தது வெண்கல் பாறையில். அதாவது சிலிக்காவில். துளை போடும்போது பறக்கும் சிலிக்காத் துகள் கண்ணுக்குத் தெரியாது. நுரையீரலின் கடைசிக் கிளைவரை போய் உட்கார்ந்துவிடும். அதை விழுங்கி அழிக்க வரும் காவல் அணுக்கள் தாங்களே செத்து விழும். செத்த இடத்தில் தழும்பு. தழும்புமேல் தழும்பு. இதுதான் சிலிக்கோசிஸ். 1940களில் இங்கே ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது நாற்பது சதவிகிதத்துக்கும் அதிகமானவர்களிடம் இந்த நோய் இருந்தது.

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. சிலிக்கோசிஸுக்கு அந்தத் தேதி தெரியாது. வேலையை விட்ட பிறகும் தழும்பு வளர்ந்துகொண்டே போவது இந்த நோயின் குணம். காசநோய்க்கு அது கதவைத் திறந்து வைக்கும். மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் வந்துபோகும் சளி, இங்கே நெஞ்சில் இறங்கினால் நிமோனியா. பாதி வேலை செய்யும் நுரையீரலில் நிமோனியா வந்தால் மிச்சமிருக்கும் மூச்சு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கடைசியாகச் சுரங்கத்தில் இறங்கிய தலைமுறையில் இளையவர்களே இப்போது ஐம்பதை நெருங்கியோ தாண்டியோ இருப்பார்கள். கோடைக் காற்றில் சயனைடு மேடுகளிலிருந்து வரும் தூசு இன்னும் இலவசம்.

இந்த ஊர்க்காரர்களிடம் போய் 'நாட்டு மருந்து மூடநம்பிக்கை' என்று சொல்லிப் பிரயோஜனமில்லை. அயோத்திதாசர் தொழிலால் சித்த வைத்தியர். 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' வாரப் பத்திரிகையைக் காத்திருந்து படித்த ஊர் இது. அவருடைய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் எழுத்துகளைப் பின்னாளில் அச்சிட்டுப் பரப்பியதும் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலைதான். இந்த ஊரில் சித்த வைத்தியம் பகுத்தறிவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அதே சமயம் கம்பெனி ஆஸ்பத்திரியும் எக்ஸ்ரேயும் நாட்டின் பல ஊர்களுக்கு முன்பே இங்கே வந்துவிட்டன. ஆகவே இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவது தங்கவயல்காரருக்கு நேற்று வந்த பழக்கமில்லை.

2020இல் அது ஊரறிந்த பழக்கமானது. கொரோனா வந்ததும் தமிழக அரசு ஏப்ரலில் 'ஆரோக்கியம்' திட்டத்தை அறிவித்துக் கபசுரக் குடிநீரை வீதிவீதியாகக் கொடுத்தது. கட்சிக்காரர்கள் கொடுத்தார்கள், ரசிகர் மன்றங்கள் கொடுத்தன. எல்லையைத் தாண்டிப் பொட்டலங்கள் ராபர்ட்சன்பேட்டைக்கும் வந்தன. சென்னை சாலிகிராமத்தில் ஒரு பொறியியல் கல்லூரியையே சித்த மருத்துவ கொரோனா மையமாக்கினார்கள். மறு ஆண்டு இரண்டாவது அலையில் படுக்கைக்கு நாடே அலைந்தபோது, சாம்பியன் ரீஃப்பில் இருபது வருடமாகப் பூட்டிக் கிடந்த சுரங்க ஆஸ்பத்திரியை ஒட்டடை அடித்து கொரோனா நோயாளிகளுக்காகத் திறந்தார்கள். தங்கம் எடுத்தவர்களுக்காகக் கட்டிய கட்டடம் அவர்கள் பிள்ளைகளுக்குப் பயன்பட ஒரு கொள்ளைநோய் வரவேண்டியிருந்தது.

கபசுரக் குடிநீரில் பதினைந்து சரக்குகள்: சுக்கு, திப்பிலி, இலவங்கம், சிறுகாஞ்சொறி வேர், அக்கரகாரம், முள்ளி வேர், கடுக்காய்த் தோல், ஆடாதோடை, கற்பூரவள்ளி, கோஷ்டம், சீந்தில், சிறுதேக்கு, நிலவேம்பு, வட்டத்திருப்பி வேர், கோரைக்கிழங்கு. டெங்குக் காலத்தில் பிரபலமான நிலவேம்புக் குடிநீர் வேறு, அதில் ஒன்பதுதான். இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குடித்தவர்கள் ஏராளம்.

மொழிபெயர்ப்பை வயிற்றுப்பாடாகக் கொண்டவனுக்கு இங்கே ஒரு நெருடல். யூகி வைத்திய சிந்தாமணி சுரத்தை 64 வகையாகப் பிரிக்கிறது. அதில் கபசுரம் ஒன்று. கோழையும் மூச்சிரைப்பும் காய்ச்சலும் சேர்ந்த அதன் குறிகளைப் பார்த்தவுடன் 'ஆகா, நிமோனியா' என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கும். ஆனால் கபசுரம் என்பது நோயாளியிடம் தெரியும் குறிகளுக்கு வைத்த பெயர். நிமோனியா என்பது நுரையீரலின் காற்றறைகளில் சீழும் நீரும் கோத்திருப்பதற்கு வைத்த பெயர். எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவது. முதலாவதில் சாதாரண ஃப்ளூவும் அடங்கும், காசநோயின் ஆரம்பமும் அடங்கும். அகராதியில் இரண்டையும் ஒரே வரியில் போட்டால், கபசுரக் குடிநீர் 'நிமோனியா மருந்து' ஆகிவிடுகிறது. 2020இல் வாட்ஸப்பில் நடந்த மொழிபெயர்ப்பு அதுதான். சித்த மையங்கள் நடத்திய வைத்தியர்களே அறிகுறி இல்லாதவர்களையும் லேசான நோய் உள்ளவர்களையும் மட்டும்தான் சேர்த்துக்கொண்டார்கள். ஆக்ஸிஜன் இறங்கினால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அந்தப் பொறுப்பு வாட்ஸப்புக்கு இருக்கவில்லை.

இந்த இடத்தில் சீனாவைப் பார்க்கவேண்டும். மூலிகையையும் நவீன மருந்தையும் ஒரே படுக்கையில் வைத்துக் கொடுப்பதை 1950களிலிருந்தே அரசுக் கொள்கையாக வைத்திருக்கும் நாடு அது. 'சோங் சீ யீ ஜியேஹே' என்பார்கள். சீன மருத்துவமும் மேற்கத்திய மருத்துவமும் இணைதல். நிமோனியாவுக்கு வரும் நோயாளிக்கு ஆன்டிபயாடிக்கும் கஷாயமும் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே கேஸ் ஷீட்டில் எழுதப்படுவது அங்கே சகஜம்.

அதனால் நோயாளி பிழைத்தாரா? பதில் ஒரே மாதிரி இல்லை. 2003இல் சார்ஸ் வந்தபோது சீனர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். பிற்பாடு காக்ரேன் குழு 13 சோதனைகளை, மொத்தம் 640 நோயாளிகளை, எடுத்து அலசியது. மூலிகை சேர்த்ததால் சாவு குறைந்தது என்று காட்ட முடியவில்லை. சில அறிகுறிகளில் முன்னேற்றம் இருக்கலாம், ஆனால் சோதனைகளின் தரம் போதாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த சார்ஸ் சமயத்தில் பிறந்த லியன்ஹுவா சிங்வென் என்ற பதின்மூன்று சரக்குக் காப்ஸ்யூல் 2020இல் மறுபடி மேடையேறியது. 284 கொரோனா நோயாளிகளிடம் செய்த சோதனையில் அறிகுறிகள் பத்து நாளுக்குப் பதில் ஏழு நாளில் போயின. நல்ல செய்தி. ஆனால் யாருக்கு எது தரப்படுகிறது என்பது டாக்டருக்கும் தெரியும், நோயாளிக்கும் தெரியும். போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடவில்லை. நோய் முற்றுவதில் சொல்லும்படி வித்தியாசமும் இல்லை. இதை நம்பித்தான் 2022 வசந்தத்தில் பூட்டிக் கிடந்த ஷாங்காயில் வீடு வீடாகப் பெட்டிகள் இறங்கின. சாப்பாடு வராத வீடுகளுக்கும் இது வந்தது என்று சீனர்களே கோபப்பட்டார்கள். நம் வீதிகளில் அண்டா அண்டாவாகக் கஷாயம் இறங்கியதற்கு அது ஒன்றுவிட்ட அண்ணன்.

மூன்றாவதுதான் சுவாரசியம். சுவேபிஜிங் என்று ஒரு ஊசி மருந்து. பெயருக்கு 'இரத்தம் சுத்தமாகியே தீரும்' என்று பொருள். நம் ஊர்ப் பேருந்து நிலையச் சுவர் விளம்பரத்துக்குப் பொருந்தும் பெயர். குசும்பாப் பூ முதல் சீன வைத்தியத்தின் ஐந்து மூலிகைகளின் சாறு. தீவிர நிமோனியாவோடு 33 ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த 710 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. ஆன்டிபயாடிக் யாருக்கும் நிறுத்தப்படவில்லை. அதற்கு மேல் பாதிப் பேருக்கு இந்த ஊசி, பாதிப் பேருக்குப் போலி ஊசி. 2019இல் வெளியான முடிவில், 28 நாளுக்குள் இறந்தவர்கள் போலி ஊசிக் குழுவில் சுமார் 25 சதவிகிதம். மருந்து சேர்த்த குழுவில் சுமார் 16. பிறகு செப்சிஸ் நோயாளிகள் ஆயிரத்து எண்ணூறு பேரிடம் செய்து 2023இல் வெளியிட்ட சோதனையிலும் அதே திசையில் முடிவு. எல்லாம் சீனாவுக்குள் நடந்தவை, வெளியே வேறு யாராவது செய்து பார்க்கவேண்டும் என்ற ஆட்சேபம் நியாயமானது. மூலிகையை நேராக இரத்தத்தில் ஏற்றுவதில் ஆபத்தும் உண்டு. ஆனாலும் கேள்வியைச் சரியாகக் கேட்டார்கள்: வழக்கமான சிகிச்சையோடு இதைச் சேர்த்தால் எத்தனை பேர் கூடுதலாகப் பிழைக்கிறார்கள்?

கபசுரக் குடிநீரிடம் நாம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கோடிக்கணக்கான டம்ளர் கொடுத்தோம். நடந்த சோதனைகள் சிறியவை. பெரும்பாலும் அறிகுறி இல்லாதவர்களிடமோ லேசான நோயாளிகளிடமோ நடந்தவை. அவர்களில் பெரும்பாலோர் எதைக் குடித்தாலும், எதையும் குடிக்காவிட்டாலும் தேறியிருப்பார்கள். ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருந்தவருக்கு அது உதவியதா, தொந்தரவு செய்ததா என்று சொல்ல நம்மிடம் பெரிய சோதனை எதுவும் இல்லை. அத்தனை ஆஸ்பத்திரிகள், அத்தனை நோயாளிகள், சித்த மருத்துவத்துக்கென்று தனிக் கல்லூரிகள் எல்லாம் இருந்த மாநிலத்தில் அந்தச் சந்தர்ப்பம் நழுவியது எனக்கு இன்னும் ஆறவில்லை. நம்பிக்கை இருப்பவர்கள்தான் முதலில் அந்தச் சோதனையைக் கேட்டிருக்கவேண்டும்.

'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்பார்கள். மூலிகை நிறையவே செய்யும். அதற்கு ஆடாதோடையே சாட்சி. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடியொற்றித்தான் 1960களில் புரோம்ஹெக்ஸின் பிறந்தது. அதன் வாரிசு ஆம்ப்ராக்ஸால். இன்று டாக்டர் எழுதும் சளி சிரப் பாதியில் இவை இரண்டில் ஒன்று இருக்கும். அடுக்களை ஆடாதோடையும் டி.வி. பக்கத்து சிரப்பும் பங்காளிகள்.

திப்பிலி இன்னும் கெட்டிக்காரி. திப்பிலியிலும் மிளகிலும் உள்ள பைப்பரின், மற்ற மருந்துகளைக் குடலும் கல்லீரலும் அழிக்கும் வேகத்தைக் குறைக்கிறது. மருந்து இரத்தத்தில் கூடுதலாகச் சேர்கிறது. நம் விஞ்ஞானிகள் இதை வைத்தே ஒரு காரியம் செய்தார்கள். ஜம்முவிலுள்ள மத்திய அரசு ஆய்வுக்கூடமும் காடிலா நிறுவனமும் சேர்ந்து 2009இல் காசநோய்க்கு ஒரு மருந்தைக் கொண்டுவந்தன. அதில் ரிஃபாம்பிசின் 200 மில்லிகிராம்தான். வழக்கமாகப் பெரியவர்களுக்குத் தரப்படுவது 450. மிச்சத்தை ஈடுகட்டுவது 10 மில்லிகிராம் பைப்பரின். மூலிகையும் நவீன மருந்தும் கைகோத்ததற்கு இதைவிட நல்ல இந்திய உதாரணம் எனக்குத் தெரியாது.

அதே பைப்பரின், அளந்து போடாதபோது என்ன செய்யும்? டெரிஃபிலினில் இருப்பது தியோஃபிலின். அளவு கொஞ்சம் கூடினாலும் படபடப்பு, வாந்தி, இதயத் துடிப்பில் தாறுமாறு, கடைசியில் வலிப்புவரை போகும் மருந்து. ஆரோக்கியமானவர்களுக்கு நாளைக்கு 20 மில்லிகிராம் பைப்பரின் ஒரு வாரம் கொடுத்துப் பார்த்தபோது, இரத்தத்தில் தியோஃபிலின் அளவு ஏறியதை 1991இலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அரை கிராம் மிளகில் அந்த 20 மில்லிகிராம் கிடைத்துவிடும். கஷாயமாகக் காய்ச்சினால் பைப்பரின் தண்ணீரில் அதிகம் கரையாது. தேனில் பொடியாகக் குழைத்துச் சாப்பிட்டால் முழுசாக உள்ளே போகும். தங்கவயல் தாத்தா சாப்பிடுவது இரண்டாவது விதம். நெஞ்சுச் சளி கட்டி, டெரிஃபிலினையும் கூட்டி, திப்பிலியையும் கூட்டி, 'நெஞ்சு படபடங்குது' என்று ஆஸ்பத்திரிக்கு வருபவரிடம் டாக்டர் இ.சி.ஜி. எடுப்பார். திப்பிலியைப் பற்றி அவர் கேட்கமாட்டார், இவரும் சொல்லமாட்டார்.

சீந்தில் கதை இன்னும் சிக்கல். கொரோனாக் காலத்தில் வடக்கே 'கிலோய்' என்று வீட்டுக்கு வீடு குடித்தார்கள். 2020 செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் இடையே மும்பையில் ஆறு பேர் கல்லீரல் அழற்சியோடு வந்ததை அங்குள்ள டாக்டர்கள் 2021இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டு 13 மையங்களிலிருந்து 43 பேரின் விவரம் வந்தது. அது உண்மையான சீந்தில் இல்லை, அதே குடும்பத்து வேறு கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. மறுப்பை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் பயம் குறையவில்லை. கடையில் பொடியாக வாங்குபவர் எந்தக் கொடி என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? 1990களின் ஆரம்பத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டதற்கும் காரணம் இப்படி ஒரு மூலிகை இடம் மாறியதுதான். காசநோய் மாத்திரைகள் தாமே கல்லீரலைச் சோதிப்பவை. சிலிக்கோசிஸோடு காசநோய்க்கும் மருந்து சாப்பிடுபவர் கூடவே சீந்தில் பொடியும் சாப்பிட்டு மஞ்சள் காமாலையோடு வந்தால், பழி காசநோய் மருந்தின்மேல் விழும், அதை நிறுத்துவார்கள். காசநோய் வளரும்.

சீட்டில் அது ஏறாததற்கு டாக்டரும் காரணம். கஷாயம் என்று வாயெடுத்தால் 'எதுக்கு அதெல்லாம் குடிக்கறீங்க?' என்று ஒரு முறை திட்டு வாங்கியவர் ஆயுசுக்கும் சொல்லமாட்டார். வைத்தியர்கள் பக்கமும் இதே கதை. 'இங்கிலீஷ் மருந்தை நிறுத்திட்டு வாங்க' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நிமோனியாவில் அது ஆளைக் கொல்லும் வாக்கியம். மேலே, சங்கங்களின் சண்டை வேறு. ஆயுர்வேத முதுநிலை மருத்துவர்கள் சில அறுவை சிகிச்சைகள் செய்யலாம் என்று மத்திய அரசு சொன்னதற்கு இந்திய மருத்துவச் சங்கம் 2020 டிசம்பரில் வேலைநிறுத்தமே செய்தது. 'மிக்ஸோபதி' என்று அதற்கு ஒரு வசவும் கண்டுபிடித்தார்கள். இரண்டு முறைகளையும் ஒரே டாக்டர் கலந்து செய்வது சரியா என்பது அவர்கள் சண்டை. நோயாளியின் வயிற்றில் அந்தக் கலப்பு யாரையும் கேட்காமல் தினமும் நடந்துகொண்டிருக்கிறது.

ஆகவே தங்கவயலிலும், அதைப் போன்ற குவாரி ஊர்களிலும் இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள். நிமோனியா என்று டாக்டர் சொன்னால் ஆன்டிபயாடிக்கைத் தள்ளிப்போட்டுக் கஷாயத்தை முதலில் முயற்சி செய்யாதீர்கள். நாள் கணக்கில்லை, மணிக்கணக்கு. ஆன்டிபயாடிக்கோடு கஷாயம் குடிக்கவேண்டுமா என்று வைத்தியரையும் டாக்டரையும் இருவரையும் கேளுங்கள். பாக்கெட்டை, பொடியாக இருந்தால் பொட்டலத்தை, கையோடு எடுத்துப் போங்கள். பெயர் தெரியாத 'சளிப் பொடி' என்றால் அதையும் காட்டுங்கள். திடீரென்று அதிசயமாகக் கேட்கும் நாட்டு மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருப்பது அவ்வப்போது பிடிபடுகிறது. காசநோய் ஒளிந்திருக்கும் நுரையீரலுக்கு அது விஷம். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு முப்பது மூச்சு, ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு நாற்பது, அதற்கும் சின்னதற்கு ஐம்பது, இரண்டு மாதம்கூட ஆகாத சிசுவுக்கு அறுபது. இவற்றைத் தொட்டால் அடுப்பை அணைத்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மீட்டர் கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. 94க்குக் கீழே போனால் ஆபத்து என்று எல்லோருக்கும் பாடம். சிலிக்கோசிஸ்காரருக்கு நல்ல நாளிலேயே 92 காட்டலாம். அவருடைய நல்ல நாள் எண் தெரியாமல், காய்ச்சல் நாளில் 89 என்பதை வைத்து டாக்டர் முழுசாகக் கணிக்க முடியாது. சளி இல்லாத ஒரு காலையில் அதை அளந்து, ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கம் எழுதிவையுங்கள். அதற்குக் கீழே கஷாயத்தின் பெயரை எழுத இடம் இருக்கும்.